சியேனாவில் பாலியோ பார்க்கப் போகிறீர்களா? நான்கு நாள் கையில் இல்லாமல் போகாதீர்கள்

முதல் முறை நான் பார்த்த பாலியோ குதிரைப் பந்தயம் இவ்வளவுதான்: ஒரு குறுகலான சந்து, எனக்கு முன்னால் இருநூறு முதுகுகள், எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய கூச்சல், ஒன்றரை நிமிடம் கழித்து அழுதுகொண்டே ஓடிவந்த கூட்டம். அன்று ஜூலை 2. ஃபிளாரன்ஸில் மதியம் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, முதுகில் பெரிய பையோடு சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து இறங்கியிருந்தேன். "ஏழரைக்குத்தானே பந்தயம், ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே" என்று நினைத்த மேதாவி நான். திரும்பும்போது கடைசிப் பேருந்தும் போய்விட்டது. இரவு ரயில் நிலைய பெஞ்சில்.

மூன்று வருடம் கழித்து மறுபடி போனேன், ஐந்து நாள் தங்கினேன். அந்த முறை கிடைத்ததும் முதல் முறை தவறவிட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் உள்ள சியேனா நகரம் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கொன்த்ராதா. வாத்து, ஆமை, நத்தை, முள்ளம்பன்றி, கம்பளிப்புழு, அலை, கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில், நகரின் நடுச்சதுக்கமான பியாத்ஸா தெல் காம்போவின் ஓரம் சுற்றி மண் கொட்டி, பத்து பேட்டைகளின் குதிரைகள் சேணமில்லாமல் மூன்று சுற்று ஓடும். ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். பரிசு, கையால் தீட்டிய ஒரு பட்டுத் துணிக்கொடி. வரலாறு இதற்கு மேல் வேண்டாம், அதை எங்கும் படித்துக்கொள்ளலாம். எங்கே நிற்பது, எப்போது உள்ளே போவது, சிறுநீர் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

1. ஜூலையா, ஆகஸ்ட்டா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு நான் ஜூலையைத்தான் சொல்வேன். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதும் விடுமுறை. அந்த வாரத்தில் நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அறை வாடகை ஏறும், சின்னக் கடைகள் பாதி பூட்டியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். ஜூலையிலும் வெயில்தான், ஆனால் தாங்கலாம்.

எந்த மாதமானாலும் பந்தயத் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து மண் இளகிவிட்டால் பந்தயம் மறுநாளுக்குப் போய்விடும். 2024-ல் இரண்டுமே தள்ளிப்போயின: ஜூலை 2-ம் தேதிப் பந்தயம் 4-ம் தேதி ஓடியது, ஆகஸ்ட் 16-ம் தேதியது 17-ல். அந்த ஜூலையில் 3-ம் தேதி காலை விமானத்துக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தள்ளிவைத்தால் காம்போவிலுள்ள நகரமன்ற மாளிகையின் ஜன்னலில் பச்சைக்கொடி தொங்கும். அதைப் பார்த்தால் வீணாகக் காத்திருக்காமல் அறைக்குத் திரும்பலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயத்தில் குதிரைகள் விழும், சில சமயம் பலத்த காயம்படும். முன்கூட்டியே மருத்துவர்கள் சோதித்துத்தான் குதிரைகளை எடுக்கிறார்கள், மோசமான வளைவில் சுவருக்கு மெத்தை கட்டுகிறார்கள். ஆனாலும் விழும். அதைக் காண மனம் ஒப்பாது என்றால், இத்தனை செலவு செய்து வரவேண்டாம். இதை எதிர்ப்பவர்கள் இத்தாலியிலேயே நிறைய இருக்கிறார்கள்.

2. அறையைப் பிடியுங்கள், விசாவுக்கு முன்பே

வழக்கமாக விசா கிடைத்த பிறகுதான் அறையைப் பற்றி யோசிப்போம். இங்கே அது எடுபடாது. பழைய நகரத்தின் மதிலுக்குள் இருக்கும் அறைகள் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிடித்து வையுங்கள். எப்படியும் விசாவுக்கு அந்த முன்பதிவுத் தாள் தேவை.

வேறு மாதத்தில் 80 யூரோவுக்குக் கிடைத்திருக்கும் அறைக்கு நான் அந்த வாரத்தில் ஓர் இரவுக்கு 190 கொடுத்தேன். சில இடங்களில் குறைந்தது மூன்று, நான்கு இரவு எடுத்தால்தான் தருவார்கள். கட்டுப்படி ஆகவில்லை என்றால் மதிலுக்கு வெளியே, ரயில் நிலையத்தின் பக்கம் பாருங்கள். இருபது, இருபத்தைந்து நிமிட நடைதான். ஃபிளாரன்ஸில் தங்கிக்கொண்டு தினமும் வந்து போகலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். என் பெஞ்ச் அனுபவம் அப்படி வந்ததுதான்.

பதிவு செய்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். குளிர்சாதனம் உண்டா? லிஃப்ட் உண்டா? (பழைய கட்டடங்கள், நான்காம் மாடிக்குப் பெட்டி தூக்க வேண்டியிருக்கும்.) நகரத்துக்குத் தரவேண்டிய தங்கும் வரி வாடகையில் அடக்கமா, தனியா? அந்த வரியைப் பெரும்பாலும் கடைசி நாளில் ரொக்கமாகக் கேட்பார்கள். நான்காவதாக, இரவு தூக்கம் வருமா என்று கேட்காதீர்கள். வராது. விடிய விடியத் தெருவில் பாடுவார்கள்.

3. விசா: காகிதமும் காலமும்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா. அதிக நாள் இருக்கப்போவது இத்தாலியில் என்றால் இத்தாலிக்கே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை ஆகலாம். ஆனால் உண்மையான தாமதம் அங்கே இல்லை, விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதில்தான் இருக்கிறது. கோடை விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஏப்ரல், மே மாதங்களில் மோதுவார்கள். ஜூலைப் பாலியோவுக்கு மார்ச்சிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்ட, திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு (இரண்டு பக்கமாவது காலியாக), புகைப்படம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல்கள், அலுவலக விடுப்புக் கடிதம், விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான பயணத்திட்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது.

இங்கே என் தவறு ஒன்று. காப்பீட்டைச் சரியாகத் திரும்பும் நாளோடு முடித்திருந்தேன். பந்தயம் தள்ளிப்போனால் இருக்க நினைத்த உபரி நாட்களைப் பயணத்திட்டத்தில் காட்டிவிட்டு, காப்பீட்டில் காட்டவில்லை. கவுன்டரில் இருந்தவர் அதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். புதுக் காப்பீடு எடுத்துக்கொண்டு அன்று மதியமே ஓடினேன். தேதிகள் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கண்ணுக்கு நம் பிழை தெரியாது.

4. போய்ச் சேர்வது

சியேனாவுக்கு விமானத்தில் போக வழியில்லை. ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், சில வண்டிகளுக்கு எம்பொலியில் மாற வேண்டும். விரைவுப் பேருந்து ஒன்றேகால் மணி. இரண்டுக்கும் பத்து யூரோவை ஒட்டித்தான் ஆகும். நான் பேருந்தைத்தான் சொல்வேன். அது மேட்டின் மேலே, பழைய நகரத்தின் வாசலில், கிராம்ஷி சதுக்கத்தின் பக்கத்தில் இறக்கிவிடும். ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போக நிலையத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்துக்குள் நுழைந்தால் வரிசையாக நகரும் படிக்கட்டுகள் உண்டு. அது தெரியாமல் முதல் முறை பெரிய பையோடு மேட்டில் ஏறினேன்.

வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். செல்பேசியில் வாங்கினால் ஏறும்போது 'செக் இன்' செய்ய வேண்டும். மறந்தால் அபராதம். "தெரியாது" என்று சொன்னால் கேட்கமாட்டார்கள்.

கார் வேண்டவே வேண்டாம். மதிலுக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும்.

5. பந்தயம் மூன்று நாள் முன்பே தொடங்கிவிடுகிறது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த ஒன்றேகால் நிமிடத்துக்குப் போகாதீர்கள். அதை டி.வி.யில் இதைவிட நன்றாகப் பார்க்கலாம். நேரில் பார்க்க வேண்டியது பந்தய நாளையும் சேர்த்து அந்த நான்கு நாளை. அதற்குக் காசும் இல்லை, நெரிசலும் பாதிதான்.

ஜூலைக்கான கணக்கு இது. ஆகஸ்ட் என்றால் 29-க்குப் பதில் 13 என்று வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

ஜூன் 29 காலையிலேயே காம்போவுக்குப் போய்விடுங்கள். மதியத்தை ஒட்டி எந்தக் குதிரை எந்தப் பேட்டைக்கு என்று குலுக்கல் நடக்கும். இதற்கு 'திராத்தா' என்று பெயர். பேட்டைகள் குதிரையைத் தேர்ந்தெடுக்க முடியாது, விழுவதுதான் விதி. கூட்டம் பேட்டை பேட்டையாக நிற்கும், ஒவ்வொருவர் கழுத்திலும் அவரவர் நிறக் கைக்குட்டை. நல்ல குதிரை விழுந்தவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். மட்டமான குதிரை விழுந்தவர்கள் பேசாமல் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, தன் பேட்டைக்கு விழுந்த குதிரையின் பெயரைக் கேட்டதும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தோஷமா துக்கமா என்று கடைசி வரை எனக்குப் புரியவில்லை.

அதன்பின் அந்தக் குதிரைக்குக் காயம்பட்டால் மாற்றுக் குதிரை கிடையாது, பேட்டையே விலக வேண்டியதுதான். அதனால் குதிரைக்காரர் லாயத்திலேயே குதிரையோடு படுத்துத் தூங்குவார். லாயம் இருக்கும் தெருவில் சத்தம் போடாதீர்கள். கிட்டே போய் செல்ஃபி எடுக்க முயலாதீர்கள். மரியாதையாகச் சொல்லமாட்டார்கள்.

அன்று மாலையிலிருந்து ஆறு ஒத்திகை ஓட்டங்கள். காலையில் 9 மணிக்கு, மாலையில் ஏழு, ஏழேமுக்கால் வாக்கில். நேரத்தை நகராட்சி அந்த வருடம் அறிவிப்பதை வைத்துச் சரிபாருங்கள். நடுவில் நின்று பார்க்க இலவசம். காலை ஒத்திகைதான் புதியவர்களுக்கு ஏற்றது. எட்டேகாலுக்குப் போனாலே கம்பி ஓரத்தில் இடம் கிடைக்கும், குதிரை நம் மூக்குக்கு முன்னால் போகும். நிற்கும் இடத்தை ஒவ்வோர் ஒத்திகைக்கும் மாற்றிப் பாருங்கள். பந்தய நாளில் எங்கே நிற்பது என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒத்திகை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பேட்டையும் குதிரையைச் சூழ்ந்துகொண்டு பாடியபடியே தன் தெருவுக்குத் திரும்பும். ஏதாவது ஒரு கூட்டத்தின் பின்னால், நாலடி தள்ளி, சும்மா நடந்து போங்கள். எனக்கு ஐந்து நாளிலும் மனதில் நின்றது அந்த நடைதான்.

6. தெருவில் இரவு விருந்து

பந்தயத்துக்கு முந்தைய இரவு, பத்து பேட்டைகளும் தெருவிலேயே நீள நீளமாக மேசை போட்டு நூற்றுக்கணக்கான பேருக்கு விருந்து வைக்கும். குதிரை ஓட்டுபவரும் பேட்டைத் தலைவரும் எழுந்து பேசுவார்கள், பாட்டு நிற்காது. பல பேட்டைகள் வெளியாட்களுக்கும் இடம் தருகின்றன. சில வாரம் முன்பே அந்தப் பேட்டையின் சங்கத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், இத்தாலிய மொழியில் எழுதினால் பதில் சீக்கிரம் வரும். அல்லது 29-ம் தேதி நேரில் போய்க் கேளுங்கள். நான் 60 யூரோ கொடுத்தேன். ரொக்கம், கையால் எழுதிய சீட்டு.

சைவம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், இறைச்சி நிச்சயம் இருக்கும். சியேனாவில் சைவக்காரர்களுக்குப் பட்டினி இல்லை. கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ் போன்ற 'பீச்சி', அதைத் தக்காளியும் பூண்டும் போட்ட குழம்போடு கேளுங்கள், எல்லா இடத்திலும் உண்டு. ரொட்டியில் உப்பே இருக்காது. சமையல்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தஸ்கனியில் ரொட்டியே அப்படித்தான்.

அந்த விருந்தில் என் எதிரே இருந்தவரிடம் "நாளைக்கு இரண்டாவதாக வந்தாலும் பெருமைதானே?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டேன். மேசையே அமைதியானது. இரண்டாவது வருவதுதான் அங்கே படுதோல்வி. கடைசியாக வருவதைவிட மோசம்.

7. பந்தய நாள்

காலை எட்டு மணிக்கு சதுக்கத்தில் உள்ள சிறு தேவாலயத்தில் குதிரை ஓட்டுபவர்களுக்கான திருப்பலி, ஒன்பதுக்குக் கடைசி ஒத்திகை. இந்த ஒத்திகையில் யாரும் வேகமாக ஓட்டமாட்டார்கள், குதிரையைக் காப்பாற்றுவார்கள். பார்த்துவிட்டு அறைக்குப் போய்த் தூங்குங்கள். உண்மையாகவே தூங்குங்கள்.

மதியம் மூன்று மணி வாக்கில் ஒவ்வொரு பேட்டையும் தன் குதிரையைத் தன் தேவாலயத்துக்குள்ளேயே அழைத்துப் போய் ஆசி வாங்கும். "போ, வென்று திரும்பி வா" என்று குருவானவர் குதிரையைப் பார்த்துச் சொல்வார். உள்ளே குதிரை சாணி போட்டால் நல்ல சகுனம். தேவாலயங்கள் சின்னவை, பேட்டைக்காரர்களுக்கே இடம் போதாது, வாசலில் நின்றுதான் நாம் பார்க்கலாம். செல்பேசியை அமைதியில் போடுங்கள். குதிரை மிரண்டால் அந்தத் தெருவில் உங்களை மன்னிக்க ஒருவர்கூட இருக்கமாட்டார்.

இங்கே ஒரு தேர்வு செய்ய வேண்டும். ஆசியையும் பார்த்து, சதுக்கத்தில் கம்பி ஓரமும் வேண்டும் என்றால் நடக்காது. கம்பி ஓரம் வேண்டுமானால் மதியம் இரண்டுக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஆசியைப் பார்த்துவிட்டு வருவதானால் நாலரைக்குள் உள்ளே போய், சதுக்கத்தின் மேட்டுப் பகுதியில் நில்லுங்கள். காம்போ சமதளம் அல்ல, சிப்பி போல நகரமன்ற மாளிகையை நோக்கிச் சரிகிறது. ஃபொன்தே காயா நீரூற்றுப் பக்கம் நின்றால் முன்னால் உள்ளவர்களின் தலைக்கு மேலாக இரண்டு வளைவுகளும் தெரியும். நடுவில், பள்ளத்தில் நின்றால் வானமும் கோபுரமும்தான். மேற்கு ஓரத்துக் கட்டடங்களின் நிழல் முதலில் விழும் என்பதையும் இடம் பிடிக்கும்போது நினைவில் வையுங்கள்.

சந்து வழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவார்கள். கடைசியாகத் திறந்திருப்பது மாளிகையின் பக்கத்திலுள்ள வியா துப்ரே தெரு. உள்ளே கூட்டம் நிறைந்துவிட்டால் அதையும் அடைத்துவிடுவார்கள். அதை நம்பித்தான் நான் முதல் வருடம் ஆறரைக்குப் போய் முதுகுகளைப் பார்த்தேன்.

உள்ளே போனால் பந்தயம் முடியும்வரை வெளியே வர முடியாது. கழிப்பறை இல்லை. மறுபடி சொல்கிறேன், இல்லை. காலையிலிருந்தே காபியைக் குறைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். அதற்காக ஒரேயடியாகக் குடிக்காமலும் இருக்காதீர்கள், என் பக்கத்தில் நின்ற இளைஞன் ஐந்தரை மணிக்கு மயங்கி விழுந்தான், தொண்டர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். கொண்டுபோக வேண்டியது: தொப்பி, இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, கொஞ்சம் உப்பு பிஸ்கெட், கீழே உட்கார ஒரு துணி. கண்ணாடிப் புட்டி, பெரிய பை, குடை வேண்டாம். சின்னக் குழந்தைகளையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு நடுவில் போகவே போகாதீர்கள்.

ஐந்து மணியை ஒட்டி ஊர்வலம் நுழையும். கோபுரத்து மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு மத்தளக்காரர், இரண்டு கொடிக்காரர்கள். கொடியை உயரே எறிந்து கால் இடுக்கில் பிடிப்பார்கள். கடைசியில் வெள்ளை மாடுகள் இழுக்கும் வண்டியில் பரிசுக்கொடி வரும். இது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். முதல் அரை மணி நேரம் அற்புதமாக இருக்கும், பிறகு உட்கார்ந்துவிடுவீர்கள்.

பிறகு வெடிச்சத்தம், குதிரைகள் வரும். இப்போதுதான் புதியவர்கள் குழம்புவது. தொடக்க இடத்தில் குறுக்கே கட்டிய இரண்டு கயிற்றுக்கு இடையில் குதிரைகள் நிற்க வேண்டிய வரிசை அந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது. அது வாசிக்கப்படும்போது இத்தனை ஆயிரம் பேரும் 'உஷ்ஷ்' என்று ஒருவரை ஒருவர் அடக்கி, சதுக்கம் அடியோடு அமைதியாகும். ஒன்பது குதிரைகள் உள்ளே நிற்கும், பத்தாவது வெளியே நிற்கும். அந்தப் பத்தாவது ஓடி நுழையும்போதுதான் கயிறு விழும். எப்போது நுழைவது என்பது அதை ஓட்டுபவன் இஷ்டம். எதிரிப் பேட்டை தப்பான நிலையில் நிற்கும் நொடிக்காகக் காத்திருப்பான். உள்ளே இருப்பவர்கள் அந்த நேரத்தில் பேரம் பேசுவார்கள், பணம் கைமாறும் பேச்சு, எல்லோருக்கும் தெரிந்தே. வரிசை குலைந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பி மறுபடி முதலிலிருந்து. இது ஐந்து நிமிடத்தில் முடியலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். இருட்டிவிட்டால் பந்தயமே மறுநாளைக்குப் போகும். நான் பார்த்த அன்று ஐம்பது நிமிடம் இழுத்தது. பக்கத்தில் ஒரு தம்பதி, ஏதோ பழுது என்று நினைத்து, கம்பி ஓர இடத்தை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் கயிறு விழுந்தது.

ஓட ஆரம்பித்ததும் படம் பிடிக்காதீர்கள். சான் மார்த்தீனோ வளைவைப் பாருங்கள், அங்கேதான் விழுவார்கள். ஆள் விழுந்தாலும் குதிரை ஓடலாம். ஆளில்லாத குதிரை முதலில் வந்தாலும் அந்தப் பேட்டைக்கே வெற்றி.

8. உட்கார்ந்து பார்க்கும் இடங்கள், தரகர்கள்

சுற்றிலும் மரப்படி இருக்கைகள், ஜன்னல்கள், பால்கனிகள் உண்டு. இருக்கைக்கே முந்நூறு யூரோவிலிருந்து கேட்பார்கள், பால்கனி அதற்கும் மேலே. வயதானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் இதுதான் வழி. ஆனால் இணையத்தில் "பாலியோ டிக்கெட்" என்று தேடி முதலில் வருவதை வாங்காதீர்கள். நடுச்சதுக்கம் இலவசம் என்பதைச் சொல்லாமல் 'வழிகாட்டியோடு நின்று பார்க்கும் அனுமதி' என்று ஒருவர் எனக்கு 90 யூரோவுக்கு விற்கப் பார்த்தார். இருக்கைகளைப் பெரும்பாலும் அவற்றின் பின்னால் உள்ள கடைக்காரர்கள்தான் நிர்வகிக்கிறார்கள். முந்தைய மாதங்களில் நேரடியாகக் கடைகளுக்கு எழுதிக் கேட்பது நல்லது. வரிசை எண்ணோடு எழுத்தில் உறுதி வாங்குங்கள். மழையால் தள்ளினால் அதே சீட்டு செல்லுமா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, கொஞ்சம் பேர்தான் யோசிப்பார்கள். மதியம் பேராலயச் சதுக்கத்தில் ஊர்வலம் கூடும்போது கொடிவீச்சை நெருக்கத்தில் பார்த்துவிட்டு, பந்தயத்தை ஏதாவது ஒரு பாரில் டி.வி.யில் உள்ளூர்க்காரர்களோடு பாருங்கள். அவர்கள் முகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், கழிப்பறையும் உண்டு.

9. கைக்குட்டை விஷயம்

கடைகளில் எல்லாப் பேட்டையின் கைக்குட்டையும் விற்கும். அழகாக இருக்கிறது என்று வாத்துப் பேட்டையின் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கோபுரப் பேட்டைத் தெருவில் நடக்காதீர்கள், இரண்டும் ஜென்மப் பகை. அடிக்கமாட்டார்கள், ஆனால் அன்று அந்தத் தெருவில் காபி கசக்கும். விருந்துக்கு அழைத்தவர்கள் கொடுத்தால் அந்த இரவு கட்டுங்கள். மற்றபடி பைக்குள் இருக்கட்டும். இரண்டு பேட்டை இளைஞர்கள் தெருவில் முறைத்துக்கொண்டு நின்றால், வேடிக்கை பார்க்காமல் வேறு சந்தில் திரும்புங்கள்.

10. இடைவெளி நேரத்தில்

ஒத்திகைகளுக்கு நடுவே பகல் முழுக்கக் காலி. தோர்ரே தெல் மாஞ்சா கோபுரத்தில் ஏறுவதென்றால் (நானூறு படி) பாலியோ நாட்களில் திறந்திருக்கும் நேரம் மாறும், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பேராலயத்தின் பளிங்குத் தரைச் சித்திரங்களை வருடத்தில் சில வாரங்கள் மட்டும்தான் மூடி விலக்கிக் காட்டுவார்கள். உங்கள் தேதியில் திறந்திருந்தால் எதை விட்டாலும் அதை விடாதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சான் தொமேனிகோ தேவாலயத்தில் நகரத்தின் புனிதரான கத்தரீனாவின் தலை கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. மனம் திடமாக இருந்தால் போங்கள்.

11. முடிந்த பிறகு

வென்ற பேட்டை கொடியைப் பிடுங்கிக்கொண்டு ஜூலையில் புரொவென்சானோ தேவாலயத்துக்கும், ஆகஸ்ட்டில் பேராலயத்துக்கும் ஓடும். கூட்டத்தோடு போங்கள், ஆனால் சுவர் ஓரமாக, பையை முன்னால் போட்டுக்கொண்டு. குதிரை மண்ணில் ஓடி முடித்த பிறகும் சந்துகளில் வரும், வழிவிடுங்கள். அன்றிரவே ஊர் திரும்பத் திட்டமிடாதீர்கள். மறுநாள் காலை ஒன்பதுக்குப் பேருந்தில் இடம் தாராளமாகக் கிடைக்கும். உண்மையான வெற்றி விருந்து இலையுதிர் காலத்தில் நடக்கும், தலைமேசையில் குதிரையும் நிற்கும்.

கடைசியாக என் ஐந்து இரவுக் கணக்கு, விமானம் நீங்கலாக: அறை 950 யூரோ, சாப்பாடு 210, தெரு விருந்து 60, பேருந்தும் நுழைவுச் சீட்டுகளும் 70, பந்தயம் 0. ஜூலைக்குப் போவதானால் ஜனவரியில் அறை, மார்ச்சில் விசா, மே கடைசியில் எந்தப் பத்து பேட்டைகள் ஓடுகின்றன என்று பார்த்து விருந்துக்குக் கடிதம். ஆகஸ்ட் என்றால் இதில் அறையை மட்டும் இன்னும் ஒரு மாதம் முன்னால் தள்ளுங்கள். ஓடும் பேட்டைகள் ஜூலையில்தான் முடிவாகும் என்பதால், விருந்துக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.